ஐம்பதா, எண்பத்தைந்தா?

பாலு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூரிலிருந்து போன் செய்தபோது உன் அப்பாதான் முதலில் எடுத்தார். வேலை நிரந்தரமாகிவிட்டது, இனி இரவல் லென்ஸ் வேண்டாம், சொந்தமாக ஒன்று வாங்கப் போகிறேன் என்றாய். ஒன்றுதான் வாங்க முடியும், முகம் எடுப்பதற்கு ஐம்பது எம்.எம். நல்லதா எண்பத்தைந்து எம்.எம். நல்லதா என்று கேட்டாய். அவர் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "எண்பத்தஞ்சு வாங்குப்பா. கண்ண மூடிக்கினு வாங்கு" என்றார். அதோடு விஷயம் முடிந்தது என்று நான் குழம்பைப் பார்க்கப் போனேன். நீ விடவில்லை. "அம்மாகிட்ட குடுங்க, அம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வாங்குறேன்" என்றாய். ரிசீவரைக் கையில் வாங்கினேன், பேச்சு வரவில்லை. "எழுதி அனுப்புறேன்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒரு நாளாவது ஒரு போட்டோ புடிச்சிருக்கியா நீ? உன்னப் போயி லென்ஸ் கேக்குறான் பாரு உன் புள்ள" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். கேமராவைத் துடைத்திருக்கிறேனே தவிர அதில் ஒரு படம்கூட நான் எடுத்ததில்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷம் நம் ஸ்டூடியோவின் பின் அறையில் உட்கார்ந்து நெகட்டிவில் டச்சிங் செய்தவள் நான். சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாளுக்கு அடுத்தபடியாக அதிக முகங்களைப் பார்த்தவள் இவள்தான் என்று உன் அப்பாவே வந்தவர்களிடம் கேலி செய்வார். பெருமாளாவது நேராகப் பார்க்கிறார், நான் பார்த்ததெல்லாம் வெளுப்பு கறுப்பாகவும் கறுப்பு வெளுப்பாகவும் மாறிய முகங்கள். உனக்குத் தெரியாததா? சின்ன வயதில் என் மேஜைக்குக் கீழேதான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். முகத்தில் அம்மைத் தழும்போ கருவளையமோ இருந்தால் நெகட்டிவில் அந்த இடம் மட்டும் வெறும் கண்ணாடியாகத் தெரியும். அதன்மேல் மருந்தைத் தடவி, உப்புத்தாளில் ஊசியாகத் தீட்டிய பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்ப வேண்டும். நிரப்பிவிட்டால் பிரிண்டில் தழும்பு இருந்த சுவடே இருக்காது. ஊரெல்லாம் கலருக்கு மாறின பிறகும் பெண் பார்க்கும் படத்துக்கு மட்டும் நம்மிடம் வந்து கறுப்பு வெள்ளைதான் கேட்பார்கள். கலரில் என் பென்சில் வேலை செய்யாது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆகையால் லென்ஸைப் பற்றி என்னிடம் நீ கேட்டதில் தப்பில்லை. தப்பு என் பக்கம்தான் இருக்கிறது. அன்று போனில் எனக்கு ஏன் பேச்சு வரவில்லை தெரியுமா? உன் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் நான் தேவகியைப் பற்றிப் பேசியாக வேண்டும். எட்டு வருஷமாக நீயும் நானும் அவளைப் பற்றிப் பேசாமலே சாமர்த்தியமாக இருந்துவிட்டோம். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உன் அப்பாவுக்கு மட்டும் தெரியாமலே இருந்தது. இந்தக் கடிதத்தை மூன்று முறை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். இது நாலாவது.

நீ அப்போது பிளஸ் டூ முடித்திருந்தாய். அப்பா ஒரு கல்யாண ஆர்டருக்காகத் திருத்தணி போயிருந்தார். புதன்கிழமை, பதினோரு மணி இருக்கும். பிள்ளையார்பாளையத்திலிருந்து ஏகாம்பரம் என்ற நெசவாளி தன் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். பெண் பார்க்கும் படம் எடுக்க வேண்டும். அந்தப் பெண்தான் தேவகி. இருபத்திரண்டு வயது, நல்ல உயரம், இடது கன்னத்தில் காதோரமாக எட்டணாக் காசு அகலத்துக்குக் கறுத்த மச்சம். வந்து உட்கார்ந்த உடனே கரண்ட் போய்விட்டது. விளக்கு இல்லாமல் எப்படி எடுப்பது, அப்பா வந்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்றேன். ஏகாம்பரம் கேட்கவில்லை. "பன்னெண்டு மணிக்கு ராவுகாலம் வந்துடும்மா, அதுக்குள்ள ஒரு போட்டோ புடிச்சிடணும். தம்பி புடிக்காதா?" என்றார். அதுவரை தனியாக ஒரு படமும் எடுத்திராத நீ என்னைப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன். பூந்தோட்டம் வரைந்த திரையின் முன்னால் இருந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் போட்டாய். அப்பாவின் பழைய இரட்டைக் கண் கேமராவில் லென்ஸ் துவாரத்தை முழுசாகத் திறந்து, குனிந்து மேலிருந்து கண்ணாடியில் பார்த்தபடி, அவளுக்கு மூன்றடிக்குள் போய் நின்றுகொண்டாய். ஊர் வழக்கப்படி மச்சம் இல்லாத பக்கத்தை அவள் காட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் வேண்டுமென்றே மச்சத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். "தம்பி, அல்லாரும் என்ன அந்தாண்டப் பக்கம் திரும்பச் சொல்லுவாங்க. நீ இந்தப் பக்கமே எடு. வர்றவன் பாத்துட்டே வரட்டும்" என்றாள். நீ எடுத்தது ஒரே ஒரு படம்.

மத்தியானம் நீயே டார்க் ரூமில் பிலிமைக் கழுவி, காய வைத்து, என் மேஜைக்குக் கொண்டுவந்தாய். "இதுல கைய வெக்காதம்மா. அப்படியே போடலாம்" என்றாய். சரிடா என்றேன். அதை மறந்துவிடவில்லை. என் வாயால் சரி என்று சொன்னேன். மறுநாள் நீ வெளியே போயிருந்தபோது ஏகாம்பரம் மட்டும் வந்தார். "அது கொயந்தம்மா, ஏதோ பேசுது. மூணு எடம் தட்டிப்போச்சு. நீங்க கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க" என்று கைகூப்பினார். பாவமாக இருந்தது, செய்தேன் என்று சொன்னால் பாதி உண்மைதான். மீதிப் பாதியை இப்போது சொல்கிறேன். இவ்வளவு பெரிய மச்சத்தை, அதுவும் பக்கவாட்டு வெளிச்சத்தில் கன்னத்தின் மேடு பள்ளமெல்லாம் தெரியும் முகத்தில், யாருக்கும் தெரியாமல் என்னால் எடுக்க முடியுமா என்று பார்க்கும் ஆசை எனக்கு வந்துவிட்டது. சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் சாயங்காலம்வரை உட்கார்ந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் பாலு. அதைவிட நல்ல டச்சிங் நான் அதற்கு முன்பும் செய்ததில்லை, பின்பும் செய்யவில்லை. பிரிண்ட் போட்டுக் காய வைத்ததை நீ பார்த்தாய். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாய்.

ஆரணியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையனின் அம்மா கைப்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து, தேவகியின் கன்னத்துக்குப் பக்கத்திலேயே பிடித்து, இதையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தாளாம். "போட்டோல இருக்குறது தங்கச்சியா?" என்று கேட்டாளாம். கொடுத்த காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள். மச்சத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தால்கூட அது நாலாவது இடமாகப் போயிருக்கும், அவ்வளவுதான். இப்போது ஏமாற்றுக்காரக் குடும்பம் என்ற பேரும் சேர்ந்துவிட்டது. மறுநாள் காலையில் ஏகாம்பரம் ஸ்டூடியோவுக்கு வந்தார். பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஐந்து பேர் காத்திருந்தார்கள். அவர் சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை, அழுதார். "என் பொண்ணப் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே" என்றார். தான் வந்து கேட்டுக்கொண்டதை அவர் சொல்லவில்லை, அந்தத் துக்கத்தில் நினைவிருந்ததோ என்னவோ. உன் அப்பா படத்தை வாங்கிப் பார்த்தார். பிறவி மச்சத்தை மங்கலாக்கலாம், முழுசாக எடுக்கக் கூடாது என்பது நம் ஸ்டூடியோவில் அவர் வைத்திருந்த சட்டம். "யார் இத முழுசா எடுக்கச் சொன்னது?" என்று கத்தினார்.

நான் பின் அறைத் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் நீ, "நான்தாம்பா. நான்தான் அம்மாகிட்ட எடுக்கச் சொன்னேன்" என்றாய். அந்த ஐந்து பேர் முன்னால் அவர் உன்னை அறைந்தார். "இனிமே கேமராவத் தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்" என்றார். நான் திரைச்சீலையைப் பிடித்தபடியே நின்றேன். என் கண்ணெதிரில் என் குற்றத்துக்கு நீ அறை வாங்கினாய், நான் பேசாமல் இருந்தேன். அன்று சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு நாளைக்கு, பிறகு வெள்ளிக்கிழமை. உன் அப்பா என்னை அடித்துவிடுவார் என்று பயப்படவில்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. நெகட்டிவைக் கொடுப்பதை நிறுத்திவிடுவார் என்று பயந்தேன். அந்த வீட்டில், அந்தக் கடையில், என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தச் சாய்வு மேஜையும் நாலு பென்சிலும்தான் இருந்தன. அவை போய்விடக் கூடாது என்று உன் கேமராவைப் போகவிட்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒன்றேகால் வருஷம். ஏனாத்தூர்க் கல்லூரிக்கு சைக்கிளில் போவாய், வருவாய், பிரிண்ட் வெட்டுவாய், கடையைப் பெருக்குவாய். கேமரா பக்கம் கண்கூட வைக்க மாட்டாய். ஒரு காரியம் மட்டும் செய்வாய். காலையில் அப்பா வருவதற்கு முன்னால் ஸ்டூலை ஜன்னல் பக்கமாக ஒரு முழம் நகர்த்தி வைப்பாய். அவர் வந்து பழைய இடத்துக்கு இழுத்துப் போடுவார். மறுநாளும் நீ நகர்த்துவாய், அவர் இழுப்பார். நான் உள்ளே உட்கார்ந்து அந்த ஸ்டூல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பென்சில் தீட்டுவேன். உன் பிடிவாதத்தை நினைத்து எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். என் குஞ்சு அப்போதே பொன்தான், உரசிப் பார்க்கக்கூட எனக்குத் தேவை இருக்கவில்லை.

அப்புறம் ஒரு வைகாசியில் முகூர்த்தம் மேல் முகூர்த்தமாக வந்து அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் கல்யாணத்துக்குக் கொண்டுபோகும் கேமராவை உன் கையில் கொடுத்தார். நீ கல்லூரி சிநேகிதன் ஒருவனிடமிருந்து ஐம்பது லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கி வந்தாய். 1.4 என்று விளிம்பில் எழுதியிருந்தது. இவ்வளவு திறக்கும்மா, பிளாஷே வேண்டாம் என்று குழந்தை மாதிரி காட்டினாய். அதை எடுத்துக்கொண்டு போய் முதல் கல்யாணத்திலேயே வாங்கிக் கட்டிக்கொண்டாயே, ஞாபகம் இருக்கிறதா? முழுசாகத் திறந்து வைத்து மணப்பெண்ணை எடுத்திருந்தாய். கண் இரண்டும் பேசின. கழுத்துக்குக் கீழே புடவை பனிமூட்டத்தில் இருந்தது. பெண்ணின் அப்பா, அந்தப் புடவையைத் தன் கையாலேயே நெய்தவர், ஆல்பத்தைக் கொண்டுவந்து கடை மேஜைமேல் போட்டார். "மூஞ்சியெல்லாம் நல்லாத்தான் இருக்குது. என் பொண்ணு மூஞ்சிய இருவது வருசமாப் பாத்துக்கினுதான் இருக்கேன். பார்டரு எங்கப்பா? அது கிழிஞ்சி பூட்டாக்கா திரும்ப வருமா?" என்றார். உன் அப்பாவுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இந்த ஊரில் பெண்ணுக்கு முகம் கடவுள் கொடுத்தது, பார்டர் அப்பன் கொடுத்தது, கடவுள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று உனக்கு ஒரு வாரம் உபதேசம் செய்தார். நீ எதிர்த்துப் பேசவில்லை, லென்ஸையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தேவகி தனியாக ஸ்டூடியோவுக்கு வந்தாள். நான் முன்பக்கம் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தாண்டி உன்னைப் பார்த்து, "தம்பி, இன்னொரு வாட்டி போட்டோ எடுக்கணும். வூட்டுக்கு வந்து எடு. அம்மா கையில மட்டும் குடுத்துடாத" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். யார் செய்த வேலை என்று அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நீ கிளம்பியபோது நானும் வருகிறேன் என்று சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். பிள்ளையார்பாளையம் போகும் வழியில் நான் கனக்கிறேனா என்று ஒரு தரம் கேட்டேன், இல்லை என்று பொய் சொன்னாய்.

அந்த வீட்டில் கூடம் முழுக்கத் தறி. வெளிச்சம் என்றால் கூரையில் பதித்த ஒரே ஒரு கண்ணாடி ஓடு, அதுவும் தறிமேல் நெய்யும் இடத்தில் மட்டும் விழுகிறது. அந்த வெளிச்சத்தில் தேவகியை உட்கார வைத்தால் நீ நிற்க இடமில்லை, முதுகுக்குப் பின்னால் சுவர். அப்பாவின் லென்ஸாக இருந்தால் வெளிச்சம் போதாமல் பிளாஷ் போட்டிருப்போம், பிளாஷ் போட்டால் அது தேவகி வீடாகவே இருந்திருக்காது. இரண்டு தரம் சுவரில் முதுகை ஒட்டிப் பார்த்தாய். பிறகு, நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் குழிக்குள் இறங்கிவிட்டாய். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் சரியான தூரம். தேவகிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "தம்பி தறியில எறங்கிட்டான், நாளைக்கு ஆள் வரலைன்னா இவன உக்காத்தி வெச்சிடலாம்பா" என்றாள். அந்தச் சிரிப்பு அடங்கும் நேரத்தில், முந்தானையைக் கொஞ்சம் தூக்கிக் கன்னத்தோரம் பிடிக்கச் சொன்னாய். கண்ணுக்கும் பார்டருக்கும் தூரம் ஒன்றாகிவிட்டால் இரண்டும் தெளிவாக விழும் என்று அந்த ஒரு வாரத்தில் நீயாகவே கண்டுபிடித்திருந்தாய். அவள் மச்சம் இருக்கும் பக்கமாகவே பிடித்தாள். பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஏகாம்பரம் முதலில் பார்டரைத்தான் பார்த்தார். அப்புறம்தான் பெண்ணைப் பார்த்தார். அப்புறம் வெகுநேரம் படத்தைக் கீழே வைக்கவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு வீட்டார் நேரில் வராமலே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஏகாம்பரம் இடிந்து போய் உட்கார்ந்தாராம். தேவகி சொன்னாளாம், "வராதவங்க வூட்லயே நின்னுட்டாங்க. நமக்குக் காபி மிச்சம்பா" என்று. மூன்றாவதாக வந்தவர்கள் படத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க அதில் என்ன இருக்கிறது? அந்த வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டு இப்போது ஓரிக்கையில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். போன மாதம் கடைத்தெருவில் பார்த்தேன், "தம்பி சவுக்கியமா" என்று உன்னைத்தான் கேட்டாள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். எண்பத்தைந்துக்கு அப்பா சொன்ன காரணங்கள் எல்லாமே சரி. தள்ளி நின்று எடுக்கலாம், மூக்கு பெரிதாகாது, பின்னணி கரைந்துவிடும், கேமரா மூஞ்சிக்கு நேரே இல்லாததால் ஆளும் மிரள மாட்டார். மண்டபத்தில் எடுக்கிறவனுக்கு அதைவிட நல்ல லென்ஸ் கிடையாது. ஆனால் நீ மண்டபத்தில் எடுக்கப் போவதில்லையே. பூக்கட்டுகிறவர்கள், தையல்காரர்கள், மெஸ் நடத்துகிறவர்கள், இவர்களை அவரவர் இடத்திலேயே எடுக்க வேண்டும் என்று போன தடவை வந்தபோது சொன்னாய். அவர்கள் வீட்டில் நீ பத்தடி பின்னால் போக முடியுமா? சுவர் முதுகில் இடிக்கும். இடித்ததும் என்ன செய்வாய்? கொஞ்சம் வெளியே வாங்க என்று அவர்களைத் தெருவுக்குக் கூப்பிடுவாய். தையல்காரரைத் தெருவில் நிறுத்தினால் அவர் யாரோ ஒருவர். நீ குழிக்குள் இறங்கிய பையன், அவர்களை வெளியே இழுக்காதே. ஐம்பதை வாங்கு. 1.4 கிடைத்தால் அதையே வாங்கு, கண்ணாடி ஓட்டு வெளிச்சத்துக்கு அந்தத் திறப்பு வேண்டும். ஆனால் இருக்கிறதே என்று எப்போதும் முழுசாகத் திறந்து வைக்காதே. ஒரு கண் தெளிவாகவும் இன்னொரு கண் கலங்கியும் இருந்தால் எனக்குப் பிடிக்காது, துவாரத்தை இரண்டு ஸ்டாப் மூடிக்கொள். ரொம்பவும் கிட்டே போய் யார் மூக்கையும் கத்தரிக்காய் ஆக்காதே. எண்பத்தைந்தைப் பிற்பாடு வாங்கலாம், அது எங்கேயும் ஓடிப்போகாது.

இன்னொரு சுயநலமும் இருக்கிறது. வாங்கியதும் முதல் படம் என்னை எடுக்க வேண்டும், அந்தப் பின் அறையில், என் மேஜைக்குப் பக்கத்தில். நேற்று அளந்து பார்த்தேன், என் நாற்காலியிலிருந்து எதிர்ச் சுவருக்கு ஏழடிதான் இருக்கிறது. எண்பத்தைந்தோடு வந்தால் கதவுக்கு வெளியே நின்றுதான் எடுப்பாய், அது எனக்கு வேண்டாம். நம் வீட்டில் மாட்டியிருக்கும் என் படத்தில் நெற்றியில் அம்மைத் தழும்பு கிடையாது, நானே எடுத்துவிட்டேன். பொங்கலுக்கு வரும்போது தழும்போடு எடு. இப்போது கண்ணுக்குக் கீழே பையும் விழுந்திருக்கிறது, அதையும் சேர்த்து எடு.

கடைசியாக ஒன்று. திங்கட்கிழமை காலையில் கடை திறந்ததும் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏகாம்பரம் என்னிடம் வந்து கேட்டது, நீ கை வைக்காதே என்றது, நான் சரி என்றுவிட்டு வைத்தது, நீ பொய் சொல்லி அறை வாங்கியது, எல்லாம். அவர் துடைத்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்தார். "அப்பவே ஏன் சொல்லல?" என்றார். "சொன்னா நெகட்டிவ் குடுக்க மாட்டீங்கன்னு" என்றேன். எழுந்து எதிர் டீக்கடைக்குப் போனார். அங்கே உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார், டீ குடித்ததாகத் தெரியவில்லை. திரும்பி வந்து, "நம்ம புள்ளைக்கு அந்த ஒண்ணேகால் வருசத்த எப்படித் திருப்பிக் குடுக்குறது?" என்றார். என்னை அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

அதைக் கேட்டுவிட்டு நான் பின் அறைக்குப் போனேன். பழைய நெகட்டிவ் பெட்டிகளை எல்லாம் இறக்கித் தேடினேன். உறைமேல் உன் எழுத்தில் தேவகி பேர், நீ எடுத்த அந்த ஒற்றைப் படம். பென்சில் வேலை பிலிமுக்கு மேலேதானே இருக்கிறது, டர்பண்டைன் தொட்டுத் துடைத்தால் போய்விடும். எட்டு வருஷமாக எனக்கு இது தெரியும், தெரிந்தும் செய்யவில்லை. பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடைத்தேன். என் வாழ்நாளின் நல்ல வேலை சாம்பல் நிறத்தில் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தது. எனக்கு வருத்தமே இல்லை. அப்பா தானே டார்க் ரூமுக்குப் போய் பிரிண்ட் போட்டார், நான் பக்கத்தில் நின்றேன். தட்டில் முகம் எழும்பி வந்தது, கன்னத்தில் மச்சத்தோடு, நீ கேட்டபடி அப்படியே, நேராகப் பார்த்துக்கொண்டு. அவர் வெகுநேரம் பார்த்தார். "பதினேழு வயசுல எனக்கு இது வந்திருக்காதும்மா. இப்பவும் வராது" என்றார். காய்ந்ததும் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையைக் குத்தினார். இத்தனை வருஷமாகத் தன் கையெழுத்தை மட்டுமே போடும் இடத்தில் உன் பேரை எழுதினார். பேனாவை மூடும்போது, "ஆனாலும் எண்பத்தஞ்சுதான் நல்லதுன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

பாலு, அன்றைக்கு நான் திரைச்சீலைக்கு வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னை மன்னித்துவிடு. என் பிள்ளை என்று உன்னைச் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் எனக்குப் பெருமை பொங்கும், அதற்கு அடியில் இது ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இனி உறுத்தாது என்று நினைக்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு இரண்டு அட்டைக்கு நடுவில் ஒரு படம் வைத்திருக்கிறேன், உறையைப் பார்த்துப் பிரி. உன் முதல் படம். நான் கை வைக்கவில்லை.

அம்மா